பின்பக்கம் பதிந்த கார்

காரை வீட்டின் முன்னால் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதே அதன் பின்பக்கம் கீழே பதிந்திருப்பது தெரிந்தது. களைத்துப்போன ஆள் குந்தியிருப்பது போல இருந்தது.

அறுபதுகளின் கடைசியில் செய்த மசில் கார் அது. இரண்டே கதவு, நீண்ட மூக்கு, அதற்குள் பெரிய வி-எட்டு எஞ்சின். நான் கனடாவில், ஸ்காபரோவில் கார்த் தகடு அடிக்கும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தேன். வரிசையில் வரும் தகடுகளில் குறை பிடிப்பதுதான் என் வேலை. அங்கே கூட வேலைசெய்த ஒருவர் அப்படியொரு காரைக் கிளப்பிய சத்தத்தைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்த ஆசை. தொண்ணூறுகளில் எங்கள் சனத்தில் ஒரு பெண் அப்படி ஆசைப்படுவது நோய் வருத்தம் பிடித்த மாதிரித்தான். அண்ணா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு, "வாங்கிறதெண்டால் தெரிஞ்ச ஆளிட்டை வாங்கு" என்று தன் வான் வண்டியைத் திருத்துகிற கராஜுக்குக் கூட்டிப்போனார். கராஜ்காரர் எங்கள் ஊர்ப்பக்கத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணைதான். காரைத் தேடிப் பிடித்துத் தந்தவரும், அடிப்பக்கமெல்லாம் பார்த்தாயிற்று என்று சொன்னவரும் அவரே.

வாங்கி இரண்டாம் கிழமை அவரிடம் போனேன்.

"பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு போலை. மாத்துவமே அண்ணை?"

"பின்னுக்குக் கை வைக்காதையுங்கோ தங்கச்சி. முன்னுக்குக் கட்டை ஸ்பிரிங் போட்டுப் பதிச்சு விடுவம். கார் சமமாய் நிக்கும், பாக்கவும் எடுப்பாயிருக்கும்."

பின்னால் பதிந்த காருக்கு முன்னாலும் பதிப்பதா வைத்தியம்? எனக்கு அங்கேதான் முதலில் உறுத்தியது.

"ஒருக்காத் தூக்குங்கோ, அடியைப் பாப்பம்."

"ஹொயிஸ்ற் பழுது."

அவர் முதுகுக்குப் பின்னால், அந்தக் கராஜின் ஒரேயொரு ஹொயிஸ்றில் ஒரு வெள்ளைக் கார் அந்தரத்தில் நின்றது. அதன் கீழே ஒருவர் ஒயில் வடித்துக்கொண்டிருந்தார். நான் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒருவரையும் நம்ப முடியவில்லை. பக்கத்து நகரமான ஒஷாவாவில் ஸ்பிரிங்குகளுக்கென்றே இருந்த ஒரு கடைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அதிர்வு தாங்கும் ஷொக்கில் காற்று அடிக்கிற வகை இரண்டு போட்டால் பின்பக்கம் உடனே எழும்பிவிடும் என்றார் கடைக்காரர். காரைக் கண்ணால் காணாமலே மருந்து எழுதுகிற இவரும் விற்கத்தானே பார்க்கிறார் என்று நினைத்தேன். ஆனால் தூக்கிக் காட்டச் சம்மதித்தார். அது போதும்.

சனிக்கிழமை காலை வெளிக்கிட்டபோது அண்ணா வாசலில் நின்றார்.

"ஒஷாவாவில ஆர் இருக்கினம்?"

"ஸ்பிரிங் கடை."

"ஸ்பிரிங் வாங்கவோ லிப்ஸ்ரிக்?"

"வேலைக்குப் போகேக்கையும் பூசிறனான். கவனிக்கேல்லையோ?"

நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச நேரத்தில், கூரையில் ஏணி கட்டிய நீல நிற வான் ஒன்று பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. அண்ணா பெயின்ற் வேலைக்குப் போகும் வான். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

நான் கடைக்குள் போன கையோடு அவரும் புகுந்தார்.

"எங்கை அவன்?"

"எவன்?"

நரைத்த மீசையோடு, எண்ணெய்த் துணியைக் கையில் பிடித்தபடி, கடைக்காரர் அவருக்குக் காலை வணக்கம் சொன்னார். அண்ணா அவரை மேலும் கீழும் பார்த்தார். வேறு ஆண் எவரும் அங்கே இல்லை.

கடைக்காரர் காரைத் தூக்கினார். அடிப்பக்கம் முழுக்கப் பழைய தூசியும் சேறும். பின் ஸ்பிரிங்குகளைக் காரின் இரும்புச் சட்டத்தோடு கொழுவியிருக்கும் இடத்தில் மட்டும் கறுப்புத் தார்ப்பூச்சு, புதிதாக, தடிப்பாக மினுங்கியது. நாள் முழுக்கத் தகடு பார்க்கிற எனக்கு அந்த மினுக்கம் பிடிக்கவில்லை. ஸ்குறூட்றைவர் ஒன்று கேட்டு வாங்கிச் சுரண்டினேன். பூச்சு தோலாக உரிந்தது. உள்ளே மெல்லிய தகடொன்றை ஒட்டவைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் குத்தினேன். ஸ்குறூட்றைவர் பிடிவரை உள்ளே போனது. துருப்பிடித்த கறள் பொலபொலவென்று நான் காலில் போட்டிருந்த சப்பாத்தில் கொட்டியது.

ஸ்பிரிங்கில் பிழையில்லை. அதைத் தாங்கும் சட்டம்தான் உக்கிப்போயிருந்தது.

கடைக்காரரின் முகம் மாறிவிட்டது. காற்று ஷொக் போட்டிருந்தால் பின்பக்கமே பிய்ந்திருக்கும் என்று அவரே சொன்னார். நான் அண்ணாவின் பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்கு இது முதலே தெரியுமோ?"

"என்ன கேக்கிறாய் நீ?"

"நீங்கள் என்ன நினைச்சு எனக்குப் பின்னால வந்தனீங்கள்? அதே மாதிரித்தான் நானும் கேக்கிறன்."

அவர் காருக்குக் கீழே போய், அந்த ஓட்டைக்குள் தானும் விரலை விட்டுப் பார்த்தார். விரல் செம்மண்ணாக வெளியே வந்தது. தான் நம்பிக் கூட்டிப்போன ஆள் ஏமாற்றிவிட்ட கூச்சத்தில் அவருடைய காது சிவந்திருந்ததைக் கண்டதும் அவருக்குத் தெரியாது என்று எனக்கு விளங்கியது.

சட்டத்தை வெட்டிப் புதிது வைக்கவேண்டும் என்றார் கடைக்காரர். அவரை நம்பவும் எனக்கு மனமில்லை. திரும்பும் வழியில் விட்பியில் இன்னொரு கராஜுக்குள் விட்டு, முதல் கடைக்காரர் சொன்னதைச் சொல்லாமல் காட்டினேன். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

பிறகு நாங்கள் இருவரும் கராஜ் அண்ணையிடம் போனோம்.

"காருக்கு அடியில கறளாம் அண்ணை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"கனடாவில பனிக்கு றோட்டில உப்புப் போடுறாங்கள், கறள் வராமல் இருக்குமே? அதுதான் மேல தகடு வைச்சிருக்கே, அதுவே போதும்."

நான் வாய் திறக்க முன்னம் அண்ணா கேட்டார்:

"தகட்டைப் பற்றி இவள் ஒண்டும் சொல்லேல்லையே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அண்ணை கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தார், திரும்ப எடுத்தார். காரை விற்றவன்தான் அப்படிச் செய்யச் சொன்னான் என்றார். பிறகு, தானே இலவசமாக ஒட்டித் தருவதாகச் சொன்னார். அண்ணா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வேண்டாம். அவர் ஒட்டியதைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே.

ஒஷாவாக் கடையிலேயே வேலையைக் கொடுத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போய், ஒட்டுகளைப் பூச்சுப் பூச முன்னமே பார்த்தேன். கடைக்காரர் சலித்துக்கொண்டார். பிறகு பழகிவிட்டார். சட்டம் சரியான பிறகுதான் ஸ்பிரிங் தெரிவு செய்தோம். உயரத்தை மாற்றாத புது லீஃப் ஸ்பிரிங், காஸ் அடைத்த ஷொக், வளைவில் கார் சரியாமல் பிடிக்கும் தடித்த கம்பி. காரைப் பதித்தால் பார்க்க வடிவு என்று பலர் சொன்னார்கள். பனிக்காலம் முடிந்த எங்கள் றோட்டுக் குழிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

முதல் ஓட்டத்துக்கு அண்ணா கூட வந்தார். அதற்குள் வானை வேறு கராஜுக்கு மாற்றியிருந்தார், எனக்குச் சொல்லாமலே. ரூஜ் ஆற்றுப் பக்கத்து இறக்கத்தில், வளைவு வந்ததும் கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்தார். நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் திருப்பினேன். ஏதாவது முனகும், ஏதாவது பிசகும் என்று காத்திருந்தேன். கார் சரியவில்லை. நான்கு சக்கரமும் நிலத்தைப் பிடித்துக்கொண்டு அமைதியாகத் திரும்பியது.

கீழே வந்து நிறுத்தினேன். அண்ணா பிடியை விட்டார்.

"இன்னொருக்காப் போவம்" என்றார்.