அஞ்செட்டி மோட்டாரின் கார்பன்

அஞ்செட்டிப் பள்ளி மாணவர்களின் மோட்டாரிலிருந்த புதிய கார்பன்களைக் கழற்றி எங்கள் மோட்டாரில் போட்டுக்கொண்டு, எங்களுடைய தேய்ந்த கார்பன்களை அவர்களுடையதில் வைத்து மூடித் திருகியவன் நான். அப்போது எனக்கு வயது பதினான்கு. அன்று பிற்பகல் அந்த மோட்டார் புகைந்தபோது எழுந்த வாடை, சூடான இரும்பும் எரிந்த கரியும் கலந்த அந்த வாடை, இன்றும் வீட்டில் மிக்சி சூடேறினால் என் மூக்கில் வந்து நிற்கிறது.

எழுபதுகளின் கடைசி அது. ஓசூரில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் அரசுப் பள்ளியில் நான், நாகராஜ், சாந்தி மூவரும் சேர்ந்து ஓர் இயந்திரக் கை செய்திருந்தோம். ஒரு தொழிற்சாலையில் 'ஷிப்டு' வேலை பார்த்த நாகராஜின் அண்ணன் கேட்டு வாங்கித் தந்த கழிவு இரும்பு, பழைய லாரியின் வைப்பர் மோட்டார், சைக்கிள் செயின், லாரி பேட்டரி, இவற்றைக் கொண்டு சாந்தி வடிவமைத்த அந்தக் கை, நீண்ட ஒயரின் மறுமுனையில் நாங்கள் சுவிட்சை அழுத்த அழுத்த, ஒரு செங்கல்லைத் தரையிலிருந்து தூக்கி முக்காலியின்மேல் வைக்கும். மோட்டாருக்குள் சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைத் தொட்டுக்கொடுக்கும் சின்னக் கரித்துண்டுதான் 'கார்பன்'. அது தேய்ந்திருந்தால் மோட்டார் வெறுமனே சுற்றும்போது ஒன்றும் தெரியாது. பாரம் ஏறும்போதுதான் காலை வாரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டப் போவோம். காட்டோரத்துச் சானமாவு கிராமத்தில் கூடிய கூட்டம் அதற்கு 'இரும்பானை' என்று பெயர் வைத்தது. ராகிக் கொல்லைக்குக் காவல் இருந்து கண் சிவந்த ஒரு பெண்மணி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, நெசமான ஆனை வந்தா இது தொரத்துமா?" என்று கேட்டார்.

"இது செங்கல்லுதாங்க்கா தூக்கும்" என்றாள் சாந்தி.

"அதுக்கு எங்க வூட்டுக்காரரே போதுமே!" என்றார் அவர். கூட்டம் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சிரித்தது.

எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொழிற்சாலையில் ஒரு ஷிப்டு முடிந்து அடுத்த ஆள் வரும்போது, இயந்திரத்தில் என்ன கோளாறு என்பதைச் சொல்லித்தான் கைமாற்றுவார்களாம். "கெட்டது எதுன்னு சொல்லாம மிஷின அடுத்தவன் கையில குடுக்கக் கூடாதுடா" என்பார் நாகராஜின் அண்ணன். அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் பள்ளிகளுக்கு நடக்கும் செங்கல் தூக்கும் போட்டியன்று காலையில், எங்களோடு மோதப்போகிற எல்லாப் பள்ளிகளின் இயந்திரங்களையும் நாங்களே பார்த்து, குறை இருந்தால் சொல்லி, கையோடு சரிசெய்தும் கொடுப்போம். "ஓசூர் பசங்க பாத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பள்ளிகள் களத்துக்கு வரும். அந்தப் பேச்சைக் கேட்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

அந்த ஆண்டு முதல் பரிசு, ஒரு கோப்பையும் தொழிற்சாலையில் ஓர் 'அப்ரெண்டிஸ்' இடமும். வெல்லும் குழுவின் தலைவர் பத்தாவது முடித்ததும் பயிற்சிக்குச் சேரலாம். எங்கள் குழுவின் தலைவனான நான் ஒன்பதாவதில் இருந்தேன். என்னைக் கல்லூரிக்கு அனுப்புவதென்று அப்பா முன்பே முடிவுசெய்திருந்தார். அஞ்செட்டிக் குழுவின் தலைவர் முனிராஜ் பத்தாவது. அந்த இடம் கிடைக்காவிட்டால் குடகில் காப்பித் தோட்டக் கூலிக்குப் போகவேண்டியதுதான் என்பதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் காலை ஒத்திகையில் அவர்களுடைய கை எங்களுடையதைவிட வேகமாகக் கல்லைத் தூக்கியதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "மோட்டாரக் குடுங்கண்ணா, பாத்துத் தரேன்" என்றேன். நம்பிக் கொடுத்தார். வகுப்பறைக்குப் பின்னால் நின்று ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குண்ணா" என்று திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது செங்கல் பாதி உயரத்தில் இருந்தபோது அவர்களுடைய கை நின்றது. புகை வந்தது. கல் விழுந்து உடைந்தது. முனிராஜ் கூட்டத்தில் என்னைத் தேடி, "தம்பி, கொஞ்சம் வந்து பாரு, நீதான பாத்துக் குடுத்த?" என்று கூப்பிட்டார். போய் முழங்காலிட்டுப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். "காயில் கம்பி எரிஞ்சிருச்சுண்ணா, ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். கார்பனை மாற்றியதைவிட அந்தப் பொய்தான் என்னை அதிகம் அரித்தது. கோப்பை எங்களுக்கு வந்தது. எனக்குத் தேவையே இல்லாத அந்த இடம் என் பெயரில் எழுதப்பட்டது.

மறு ஆண்டுப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில், வீட்டில் ஏதோ பொய் சொல்லிவிட்டு, நாளைக்கு இரண்டு முறையே ஓடிய பஸ்ஸைப் பிடித்து அஞ்செட்டிக்குப் போனேன். முனிராஜ் அங்கே இல்லை, குடகுக்குப் போய்விட்டிருந்தார். அவருடைய தம்பி மாதப்பன், என் வயதுப் பையன், மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை அவன் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்" என்றான். "அன்னைக்கே எங்கண்ணன் தொறந்து பாத்துச்சு. காயிலு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு நம்புவாங்க? ஓசூர் பசங்க பாத்துக் குடுத்ததுன்னா அதுக்குமேல பேச்சு உண்டா?" கயிற்றை ஒருமுறை இழுத்து முடிந்தான். "எங்கிட்ட வந்து அழுவாத. போட்டியன்னைக்கு அந்த மைக்குல சொல்லு."

சொன்னேன். போட்டி தொடங்குமுன், நடுவர்களிடம் இரண்டு நிமிடம் கேட்டு, நடந்ததைச் சுற்றிவளைக்காமல் சொன்னேன். நடுவர்கள் கோப்பையைத் திரும்பக் கேட்டார்கள். எங்கள் பள்ளி அந்த ஆண்டு போட்டியிடக்கூடாது என்றார்கள். அது நியாயம்தான். நியாயமில்லாதது, இதை நான் சாந்தியிடமும் நாகராஜிடமும் முன்கூட்டிச் சொல்லாமல் இருந்தது.

"ஒரு வருசமா அந்தக் கோப்பைய சாம்பல் போட்டு வெளக்கி வெச்சிருக்கேன்டா" என்றாள் சாந்தி. அழுகையா கோபமா என்று தெரியாத குரல். நாகராஜ் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு அவள்தான் கருவிப் பெட்டியை எடுத்தாள். "நம்மளைப் போட்டி போட வேணாம்னுதான சொன்னாங்க? மத்தவங்க மோட்டாரப் பாக்க வேணாம்னு சொல்லலையே. வாங்கடா" என்று நடந்தாள்.

அன்று நாங்கள் ஒவ்வொரு பள்ளியின் இயந்திரத்தையும் அதன் சொந்தக்காரர்கள் கண்முன்னேயே பிரித்தோம். ஒரு பள்ளியின் செயினை அளவுக்கு வெட்டிக் கொடுத்தோம். ஒரு பள்ளிக்கு எங்கள் பேட்டரியையே தூக்கிக் கொடுத்தோம். எங்கள் மோட்டாரை, இப்போது அஞ்செட்டிக் குழுவின் தலைவனாக வந்திருந்த மாதப்பனிடம் நீட்டினோம். அவன் அதை நம்பி வாங்கவில்லை. மூடியைத் திறந்து, கார்பனை வெளியே எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான். அன்று ஓர் இயந்திரம்கூட நடுவில் நிற்கவில்லை. கடைசிக் கல்லை அஞ்செட்டியின் கை தூக்கி வைத்தபோது திடல் முழுவதும் எழுந்துவிட்டது; போட்டியிலேயே இல்லாத நாங்கள் மூவரும்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினோம். சாந்தி என் முதுகில் ஓங்கி ஒரு குத்துவிட்டாள். அது தண்டனையா மன்னிப்பா என்று நான் கேட்கவில்லை.

மாதப்பனுக்கு அந்த ஆண்டின் இடம் கிடைத்தது. என் பெயரில் காத்திருந்த பழைய இடத்தை முனிராஜுக்கே கொடுத்துவிடலாம் என்று தொழிற்சாலைப் பொறியாளர் அங்கேயே எழுதிக் கொடுத்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மேடையில் கைதட்டல். அண்ணன் மட்டும் குடகில் இருந்தார்.

சேதி எட்டி ஊர் திரும்பியதும் அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். விவரம் தெரியாத அம்மா காப்பி கொண்டுவந்து நீட்ட, "வேணாங்கம்மா, ஒரு வருசமா அதத்தான் பொறுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு என்னிடம், "எடத்தக் குடுத்துட்ட. அந்த வருசத்த உன்னால குடுக்க முடியாது, தம்பி. அத ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விடை தப்பு என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அந்தப் போட்டி சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. இரும்பானை எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதென்று எங்கள் மூவருக்கும் தெரியாது. நாகராஜின் அண்ணன் ஷிப்டு மாறிய கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். சானமாவுக்கு மட்டும் யானைகள் இன்னும் வருகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் முனிராஜ் பராமரிப்புப் பிரிவின் தலைவராக ஓய்வுபெற்றார். பாராட்டு விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார். மேடையில் ஒருவர் அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாக வாசித்தார். அருகில் உட்கார்ந்திருந்த மாதப்பன் முழங்கையால் என்னை இடித்து, "ஒரு வருசம் கம்மியா படிக்கறான் பாரு" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது, கழுத்து மறையும் அளவு மாலைகளோடு முனிராஜ் மேடையிலிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்று கைதட்டினேன். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.