இறந்தோர் ஏட்டில் ஓடிப்போனவள்

எண்பதுகளின் கடைசியில் தொடங்கி ஆறு வருடம் நான் கன்னியர் மடங்களோடு குடும்பம் நடத்தினேன். உயிருள்ள மடங்கள் அல்ல. வட ஜெர்மனியில், புதர்வெளியும் சதுப்பும் நிறைந்த ஒரு பகுதியில், எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன்பு செங்கல்லால் எழும்பி, பெரும்பாலும் ஒவ்வொன்றாக அணைந்துபோன மடங்கள். அவற்றைப் பற்றிக் கைநூல் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரி ஒருத்தி, வட லண்டனில் தன் வீட்டு மேல்மாடியில் இருந்தபடி தட்டெழுத ஆள் தேடினாள். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் டைப்பிங் படித்து, அடியும் வாங்கியவள் நான். நாங்கள் இருந்த டூட்டிங்கிலிருந்து நோர்த்தேர்ன் லைன் ரயிலில் போய்வரலாம். சரி என்று ஒப்புக்கொண்டேன்.

மடம் ஒன்றுக்கு ஒரு அட்டை. யார் நிறுவியது, எந்தச் சபை, எத்தனை தரம் எரிந்தது, எந்த ஆவணத்தில் முதலில் பேசப்படுகிறது, எந்த ஆவணத்தில் கடைசியாக. அந்தக் கடைசி வரியில்தான் அவள் குறியாக இருந்தாள். அதற்குப் பிறகு ஒரு துண்டு எழுத்தும் கிடைக்காவிட்டால் அட்டையின் மூலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டு, மேசையின் கீழ் லாச்சியை இழுத்து அதற்குள் வைத்துவிடுவாள். மடம் அழிந்ததற்குச் சான்று இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். எழுத்து நின்றால் ஆளும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றாள், சிகரெட்டை ஊதிக்கொண்டு. அன்று மிச்ச நேரமெல்லாம் பிழை பிழையாக அடித்தேன்.

காரணம் இருந்தது. நானும் அம்மாவும் லண்டனுக்கு வந்தபோது தம்பி ஊரில் நின்றுவிட்டான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பின்னால் வருகிறேன் என்றான். இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. அவன் எங்கே என்று நாங்கள் விசாரித்தபோது ஒவ்வொருவர் ஒவ்வொரு கதை சொன்னார்கள். நாலு வருடம் அப்படியே போனது. அம்மா தபால்காரன் வந்துபோகும் வரை வீட்டை விட்டு அசையமாட்டார். சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்த அந்த பிளாட்டை மாற்றித் தரக் கவுன்சில் இரண்டு தரம் முன்வந்தது. இரண்டு தரமும் அம்மா மாட்டேன் என்றார். அவனிடம் இந்த விலாசம்தான் இருக்கிறதாம்.

அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, இரவெல்லாம் இருமல். எனக்கோ வாய் சும்மா இராது. அவன் இருந்தால் ஒரு வரியாவது எழுதமாட்டானா என்று கேட்டுவிடுவேன். அம்மா என்னைக் கரிநாக்கு என்று ஏசுவார். இரண்டு நாள் பேச்சு இராது.

எங்கள் தமிழ்ப் பூசையில் ஒரு வழக்கம் இருந்தது. கார்த்திகை, அதாவது நவம்பர், ஆத்துமாக்களின் மாதம். ஐப்பசிக் கடைசியில் சுவாமியார் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் கொடுப்பார். இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுத்தால், கார்த்திகை முதல் ஞாயிறு பீடத்தில் நின்று வாசிப்பார். அம்மா வழக்கமாக அப்பாவின் பெயரையும் தன் தாய் தகப்பன் பெயர்களையும் எழுதுவார். அந்த வருடம் இருமலோடு படுத்திருந்ததால் தாளை நிரப்பும்படி என்னிடம் தந்தார். மூன்று பெயர் எழுதினேன். பிறகு நாலாவதாகத் தம்பியின் பெயரையும் எழுதினேன். வெறுப்பில் அல்ல. யாராவது ஒருத்தர் இதை முடித்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மா அந்தப் பூஞ்சணத்திலேயே செத்துப்போவார் என்று பயந்தேன். தாளை மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டேன்.

அந்தக் கிழமைதான் வேலையில் ஒரு மடத்தின் அட்டை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அந்த மடத்தில் பெண் பிள்ளைகளை ஏழு எட்டு வயதில் கொண்டுவந்து விடுவார்களாம். உள்ளே போனால் வெளியுலகம் ஒரு கம்பியழியும், சுவரில் சுழலும் ஒரு மரப்பெட்டியும்தான். ரொட்டியும் கடிதமும் அந்தப் பெட்டிக்குள்ளால் வரும். கொண்டுவந்தவர் முகம் தெரியாது. காலையில் ஜெபம் முடிய, இறந்தோர் ஏட்டை விரித்து, அன்றைய திகதியில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். அந்த ஏட்டில் ஒரு சகோதரியின் பெயர் இருந்தது. அந்தப் பகுதியை ஆண்ட பிரபு புதிய புரட்டஸ்தாந்து சமயத்துக்கு மாறி மடங்களை நெருக்கிய காலத்தில் செத்ததாகத் திகதி. ஆனால் ஜெர்மன்காரியின் கையில் அவளுடைய கடிதம் ஒன்றும் இருந்தது. கடிதத்தில் திகதி இல்லை. மடத்தில் விட்டுவந்த என் பஞ்சுமெத்தையை அனுப்பிவையுங்கள், இங்கே ஆறு உறைந்து கிடக்கிறது, என் பிள்ளைக்குக் குளிர்கிறது என்று எழுதியிருந்தாள்.

ஆறு உறைந்த வருடத்தை ஊர்க்குறிப்புகளில் தேடிப் பிடித்து, அவள் "செத்து" நாலு வருடத்துக்குப் பிறகு எழுதிய கடிதம் அது என்று ஜெர்மன்காரி கண்டுபிடித்திருந்தாள். நடந்தது இதுதான். அண்ணன்காரன் வண்டியோடு வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மடத்துத் தலைவி அவள் போன நாளையே இறந்த நாளாக ஏட்டில் ஏற்றிவிட்டாள். மெத்தையை அனுப்பவில்லை. பெயரை வெட்டவும் இல்லை. உயிரோடு எங்கேயோ குளிரில் கிடந்தவளுக்கு வருடா வருடம் ஆத்தும சாந்தி வேண்டினார்கள். ஜெர்மன்காரி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பூசைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. சுவாமியாருக்கு ஒரு போன் போட்டுத் தம்பியின் பெயரை வெட்டுங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீம்பு. ஒரு ஜெர்மன் கன்னியாஸ்திரியின் மெத்தைக் கதையைக் கேட்டு நான் பயப்படுவதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா இருமலையும் பார்க்காமல் பூசைக்கு வந்தார். சுவாமியார் பெயர்களை வாசித்தார். அப்பா, அம்மாச்சி, அப்பு, பிறகு தம்பி. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. முழங்காலில் இருந்தவர் மெல்ல எழும்பி மர வாங்கில் உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போதுதான் வாய் திறந்தார்.

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆத்துமப் பூசை வைச்சிட்டாய்."

மன்னிப்புக் கேட்டேன். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவரும் காலடிச் சத்தத்துக்கும் பயந்து நடந்தோம். போன் அடித்தால் இருவரும் எடுக்கமாட்டோம், மற்றவர் எடுக்கட்டும் என்று நிற்போம்.

தை மாதம் கடிதம் வந்தது. கொழும்பு முத்திரை. யாரோ கொழும்புக்குக் கொண்டுவந்து தபாலில் போட்டிருக்க வேண்டும். தம்பியின் கையெழுத்து, ஐந்து வரி. சுகமாக இருக்கிறேன், தேட வேண்டாம். இடம் சொல்ல ஏலாது. இங்கே இன்னும் மழை இல்லை, கிணற்றில் தண்ணி அடியில் கிடக்கிறது. அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கோ. அவன் எப்போதும் போலத் திகதி போடவில்லை.

அம்மா கடிதத்தை முகத்தில் வைத்து அழுதார். நானும் அழுதேன். அழுது முடிய அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இது நீ பேர் குடுத்ததுக்கு முன்னம் எழுதினதோ, பின்னம் எழுதினதோ?"

திகதி இல்லாத கடிதத்துக்குத் திகதி கண்டுபிடிப்பதுதானே நான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வேலை. மழை இல்லை என்றால் ஐப்பசிக்கு முன்பு. கார்த்திகை பிறந்த பிறகு எங்கள் ஊரில் கிணறு வற்றிக் கிடக்காது. ஆக, நான் பெயர் கொடுக்கும்போது கடிதம் யாரோ ஒருவரின் பைக்குள் கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவன் இருந்தான் என்பதற்கு ஒரு எழுத்தும் இல்லை. இதெல்லாம் ஒரு நொடியில் எனக்கு விளங்கியது.

"பின்னம்தான் அம்மா. இந்த முறை மழை பிந்தினதாம். மார்கழியில எழுதியிருக்கிறான்."

அம்மா தலையை ஆட்டினார். அன்று பின்னேரம் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். அந்தப் பொய் எங்களை ஒன்பது மாதம் ஓட்டியது. வேலையில் சிலுவை போட்ட அட்டைகளை அந்த லாச்சியில் அடுக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும். வேறு கடிதம் வரவில்லை. வரும் வரும் என்று அம்மாவுக்குச் சொன்னது நான்தான். ஒவ்வொரு தரமும் அம்மா ஓம் என்பார், அதிகமாக ஒன்றும் கேட்கமாட்டார். அதுவே என்னைக் கொன்றது.

ஐப்பசிக் கடைசியில் சுவாமியாரின் தாள் திரும்பவும் வந்தது. நான் அதைக் குசினி மேசையில் விட்டுவிட்டுத் தொடவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து இருந்து பேனை கேட்டார். மூன்று பெயர் எழுதினார். நிறுத்தாமல் தம்பியின் பெயரையும் எழுதினார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். மார்கழியில் கடிதம் எழுதியவனை ஏன் இப்படி என்று கத்தினேன் என்று நினைக்கிறேன்.

"மழை பிந்தேல்லை பிள்ளை," என்றார். "அந்த ஐப்பசியில ஊரெல்லாம் வெள்ளம் எண்டு மன்னாரால வந்த மனுசி ஒருத்தி எனக்குக் கோயில்ல சொன்னவ. நீ கடிதத்தைப் பார்த்துச் சொல்லேக்கையே எனக்குத் தெரியும். உன்னால தாங்க ஏலாது எண்டுதான் நம்பினமாதிரி இருந்தனான்."

அம்மா என் கையை மெல்ல விலக்கினார்.

"நீ எழுதினது கிடக்கட்டும். தாய் எழுதினா அவன் கோவிக்கமாட்டான்."

அந்தத் தாளில் பெயர் மட்டும் எழுதினால் போதும், வயதை யாரும் கேட்பதில்லை. அம்மா தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் வயதையும் போட்டார். விட்டுவிட்டு வந்தபோது இருந்த இருபத்திரண்டை அல்ல. இந்த வருடம் அவனுக்கு ஆகியிருக்கும் வயதை, இருபத்தொன்பது என்று எழுதினார்.