காற்றுத் துவக்கும் ஒரு செம்புத் தண்ணீரும்

நான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவன். பொழுதுபோக்குக்குக் காற்றுத் துவக்கு என்ற சின்னத் துப்பாக்கியால் வெற்றுத் தகரப்பேணிகளைத்தான் சுடுவேன். "வளர்ந்த மனிசனுக்கு விளையாட்டுச் சாமான்" என்று ஊரே நக்கலடிக்கும், என் மனைவியும்தான்.

எங்கள் வாவிக்கரை முருகன் கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலில் செம்போடு நின்றேன். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் வந்து தடுத்தார்.

"கொக்குச் சுடுற கையால முருகன்ட சனத்துக்குத் தண்ணி குடுக்கப்படாதுகா!"

"ஐயா, நான் ஒரு உசிரையும் சுட்டதில்ல."

"துவக்குத் தூக்கினவன் எல்லாரும் இப்பிடித்தான் சொன்னவன்."

வரிசை அடுத்த பானைக்கு நகர்ந்தது. அப்போது மனைவி என் முன்னால் வந்து கைகளைக் குவித்தாள்.

"எனக்கு ஊத்துங்க. பேணிக்கே குறி தப்புற மனிசன், கொக்கையா சுடப்போறார்?"

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பிறகு எவரும் வரவுமில்லை. கோபத்தோடுதான் முருகனைக் கும்பிட்டேன். ஆனாலும் இவளை எனக்குத் தந்ததற்கு நன்றி சொல்லாமல் வர முடியவில்லை.