நூற்று அறுபது வோல்ட்டில் வேகாத சோறு

கரண்ட் தயாரிக்கிற நெய்வேலியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அடுப்பு என்றால் ஹீட்டர்தான். களிமண் தட்டில் வளைவளைவாகக் குழி வைத்து, அதில் சுருள் கம்பியைப் பதித்திருக்கும். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் அது சிவந்துகொண்டிருக்கும். மரப்பலகை மேல் நின்றுதான் கிளற வேண்டும், சுவிட்சை அணைத்த பிறகுதான் பாத்திரத்தில் கை வைக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்தார்கள். விறகு அடுப்பை எப்படி மூட்டுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகிக் குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். கணவருக்கு நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை, பர்மனன்ட். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை மாமியாரோடு இருப்பது என்று ஏற்பாடு. என் அம்மா சீர்வரிசையோடு ஒரு புது ஹீட்டரையும் கொடுத்தனுப்பினார், இரண்டாயிரம் வாட். மாமியார் அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் சமையலை என்னிடம் விட்டுவிட்டார்.

விடியற்காலையில் அவர் முதல் ஷிப்டுக்குக் கிளம்புவதற்குள் சோறும் குழம்பும் தயாராகிவிடும். சாயங்காலம்தான் வம்பு. கம்பி சிவக்காமல் அழுது வடியும். உலை கொதிக்கவே யுகமாகும். அரிசி ஊறி ஊறிக் களியாகிவிடும். ஒருநாள் நாத்தனார் வந்திருந்தபோது, மாமியார் என் காதுபடவே அவரிடம் சொன்னார்.

“புருஷனுக்குன்னா காலையில டக்குனு வெந்துடுது. நமக்குன்னா அடுப்பு எரிய மாட்டங்குது. வேணும்னே பண்ணிக்கினு இருக்கறா.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சமைக்கத் தெரியாதவள் என்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். வேண்டுமென்றே பட்டினி போடுகிறவள் என்ற பெயரோடு ஒரு வீட்டில் காலம் தள்ள முடியாது. சொன்னதை அவர் வாயாலேயே திரும்ப வாங்க வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் சந்தேகம் என் அம்மா மேல்தான். மட்டமான கம்பியாகப் பார்த்து வாங்கிவிட்டாரோ என்னவோ. கணவரை மீட்டர் கொண்டுவரச் சொல்லி, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கம்பியின் மின்தடையை அளந்தோம். பிளஸ் டூவில் இயற்பியலை ஆசையாகப் படித்தவள் நான். இருநூற்று முப்பதை இருநூற்று முப்பதால் பெருக்கி, இரண்டாயிரத்தால் வகுத்தால் இருபத்தாறரை ஓம் வர வேண்டும். மீட்டரும் ஏறக்குறைய அதையேதான் காட்டியது. கம்பி சரி, கணக்கும் சரி, சோறுதான் வேகவில்லை.

நான் அதையே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தவர், இந்த இருநூற்று முப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். எங்கிருந்து வரும், பிளக்கிலிருந்துதான் என்றேன். அவர் மீட்டரை வோல்ட்டுக்குத் திருப்பிச் சுவர் பிளக்கில் வைத்தார். நூற்று அறுபது காட்டியது.

நெய்வேலிக்காரிக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. பவர் ஹவுஸ் பக்கத்திலேயே வளர்ந்ததால், வோல்டேஜ் இவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடக் கணக்குகளிலும் அது இருநூற்று முப்பதை விட்டு அசைந்ததில்லை. இங்கே ஊரே விளக்குப் போடும் நேரத்தில், தெருக்கோடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு மிச்சம் மீதிதான் வந்தது. கரண்ட் தயாரிக்கிற ஆளின் வீடாயிற்றே என்று கம்பத்துக்குத் தெரியுமா?

நூற்று அறுபதை இருபத்தாறரையால் வகுத்தால் ஆறு ஆம்பியர். அந்த ஆறை நூற்று அறுபதால் பெருக்கினால் தொள்ளாயிரத்து அறுபது வாட். வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, சூடு மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. கம்பியைப் பாதியாக வெட்டினால் தடையும் பாதியாகும், சூடு ஏறும் என்றார் அவர். ஏறும்தான். ஆனால் விடியற்காலையில் முழு வோல்டேஜ் வரும்போது பதினேழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தப் பழைய வயரிங் தாங்காது என்று தடுத்துவிட்டேன்.

கணக்கை மாமியாரிடம் காட்டினேன். முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, சோறாக்கத் தெரியாதவள்தான் கணக்குப் போடுவாள் என்று சொல்லிவிட்டார். சாயங்காலச் சோற்றை மத்தியானமே வடித்து வைக்க ஆரம்பித்தேன். அதற்கும், மருமகள் ஆறின சோறு போடுகிறாள் என்று பேச்சு.

அடுத்த வருஷம் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குடிபோன அன்று காலை அதே ஹீட்டரில்தான் பால் காய்ச்சினோம். சட்டென்று பொங்கியதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. காலையில் அது எங்கேயும் ஒழுங்காகத்தான் வேலை செய்யும். மாமியாரும் நாத்தனாரும் அன்று தங்கினார்கள். விளக்கு வைத்த நேரத்தில் மாமியாரே உலை வைத்து, அரிசியைப் போட்டுவிட்டு, எப்படியும் நேரமாகும் என்று வாசலில் போய் நாத்தனாரோடு பேச உட்கார்ந்தார். எச்சரிக்கலாமா என்று யோசித்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

வெற்றிலையைக்கூட அவர் மென்று முடிக்கவில்லை, கஞ்சி பொங்கிக் கம்பியில் வழிந்து சீறியது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். பின்னாலேயே இருவரும் வந்தார்கள். மாமியார் ஹீட்டரைக் குனிந்து பார்த்தார், ஜன்னல் வழியே இருட்டைப் பார்த்தார்.

“இது நம்ம வூட்ல இருந்த அடுப்பா?”

“அதேதான் அத்தை. கம்பிகூட மாத்தல.”

மாமியார் மகள் பக்கம் திரும்பினார். “நம்மூரு கரண்டுக்குத் தெம்பு இல்லடி. இவ என்னா பண்ணுவா, பாவம். நாந்தான் வாய்க்கு வந்தத பேசிட்டேன்.”

இந்த வார்த்தைக்காகத்தான் ஒரு வருஷம் கருவிக்கொண்டிருந்தேன். வந்தபோது ஜெயித்த மாதிரியே இல்லை, அழுகைதான் வந்தது. மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரம் பிடிக்க நான் எடுத்திருந்த துணியை வாங்கிக்கொண்டு, என்னைப் போய் உட்காரச் சொல்லிவிட்டு, அவரே சோற்றை வடித்தார்.