வெள்ளைக் குடிலும் ஷம்ஸாவின் சந்தேகமும்

ஷம்ஸாவிடம் மீன் விற்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஸுவைக் என்ற ஊரின் கடற்கரையில் படகு ஒதுங்கியதும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை அழுத்திப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள். குறை ஒன்றும் கிடைக்காவிட்டால், "இவ்வளவு நல்லா இருக்குன்னா இதுல ஏதோ இருக்கு" என்று அடுத்த படகுக்கு நகர்ந்துவிடுவாள். அவள் தலை தெரிந்ததுமே மீனவர்கள், "ஏய், சுங்க அதிகாரி வர்றாங்கப்பா" என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வார்கள்.

அவள் பிறவியிலேயே அப்படிப்பட்டவள் அல்ல. கல்ஃபானைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் தித்திப்பாக இருந்தது. பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகு ஒருநாள் காப்பியை வாயில் வைத்தவள், "கிணறு கெட்டுப்போச்சு" என்றாள். கல்ஃபான் சிரித்தான். அவனுடைய தம்பி மர்ஹூனும் சிரித்தான். ஊரெல்லாம் பம்பு வைத்து இறைத்த இறைப்பில் கடல் மண்ணுக்கடியில் உள்ளே வந்துகொண்டிருந்தது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. முதலில் எலுமிச்சை மரங்கள் காய்ந்தன. பிறகு மாட்டுப்புல் வெளுத்தது. கடைசியில் பேரீச்சை மரங்களின் குருத்து கருகியது. அன்றிலிருந்து, அடுத்தவர் சிரிக்கும் விஷயத்தில்தான் அவளுக்குச் சந்தேகம் அதிகமாக வரும்.

துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த கல்ஃபான், செத்துப்போன புல்வயலில் ஒரு பசுமைக்குடில் போடப்போவதாகச் சொன்னபோதும் அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. மஸ்கட்டிலிருந்து ஒரு நிறுவனம் வந்து வெள்ளைக் கூடாரம் மாதிரி எழுப்பியது. உள்ளே வரிசை வரிசையாக வெள்ளைக் குழாய்கள், குழாய்களில் ஓட்டைகள். ஒரு மூலையில் பெரிய தொட்டி, பம்பு, சுவரில் ஒரு பெட்டி. எல்லாவற்றையும் பொருத்தியவன் ராயித் என்ற ஜோர்டான் நாட்டு இஞ்சினியர்.

"மண்ணு எங்கே?" என்று கேட்டாள் ஷம்ஸா.

"மண்ணே வேணாம். வேரு தண்ணியில நிக்கும். அதுக்கு வேண்டிய சத்தை மிஷினே அளந்து கலந்துக்கும்" என்றான் கல்ஃபான்.

"என்ன சத்து?"

"தாது உப்புங்கதான், உம் ஹிலால்" என்றான் ராயித். மூத்த மகன் பேரைச் சொல்லி 'ஹிலாலின் அம்மா' என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள்.

"உப்பா? உப்பு தின்னுதான் எங்க மரமெல்லாம் செத்துச்சு. இப்ப நீங்க உப்பை ஊத்தி வளக்கப் போறீங்களா?"

"அது வேற உப்பு, ஷம்ஸா."

"அந்த மரங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க, வேற உப்புன்னு."

கிணற்று நீரை அப்படியே ஊற்ற முடியாது என்பதால் உப்பைப் பிரித்தெடுக்கும் இயந்திரம் ஒன்றும் வந்தது. நல்ல நீர் தொட்டிக்குப் போகும். எஞ்சிய கடுமையான உப்பு நீர் ஒரு குழாய் வழியாக வெளியே போகும். ராயித் அந்தக் குழாயை வீட்டுப் பின்புறம் விடப் பார்த்தான். "என் அடுப்படிக்குப் பக்கத்துலயா? கொசு வரும், நாத்தம் வரும், இன்னும் என்னென்ன வருமோ" என்று ஷம்ஸா ஒற்றைக்காலில் நின்று, அதைத் தோட்டத்தின் கோடிக்குத் தள்ளிவிட்டாள். அதற்கு அப்பால் மர்ஹூனின் பங்கு நிலம். அங்கே இன்னும் சில பேரீச்சை மரங்கள் தாக்குப்பிடித்து நின்றன.

கீரை வளர்ந்தது. அதை அவளாலும் மறுக்க முடியவில்லை. வெளியே கால் வைத்தால் செருப்பு உருகும் வெயில் காலத்தில், உள்ளே ஈரத் தட்டிகளுக்குப் பின்னால் மின்விசிறிகள் சுழல, லெட்யூஸ் கொத்துக் கொத்தாக விரிந்தது. பக்கத்துக் குழாய்களில், நாக்கில் காரம் ஏறும் ஜர்ஜீர் கீரை. களையில்லை, பூச்சி மருந்தில்லை. பழைய புல்வயல் ஒரு நாளில் குடித்த தண்ணீரை வைத்து இங்கே பல வாரங்கள் ஓட்டலாம். ஓடிய தண்ணீரே திரும்பத் திரும்ப ஓடியது. கடைக்காரர்கள் வீட்டுக்கே வந்து வாங்கிப் போனார்கள்.

"பூச்சியே தொடாத கீரையை மனுஷன் எதுக்குத் தின்னணும்?" என்று கேட்டாள் ஷம்ஸா. கல்ஃபான் வற்புறுத்தியதால் ஒரு ஜர்ஜீர் இலையைக் கடித்துப் பார்த்தாள். மொறுமொறுப்பு இருந்தது. காரத்தைக் காணோம். "தண்ணியைக் கடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வாயைக் கொப்பளித்தாள்.

கல்ஃபானின் கைபேசி அவளை இன்னும் படுத்தியது. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருப்பான். கிணுக்கென்று ஒரு சத்தம் வரும். பார்த்துப் புன்னகை செய்வான். இந்த வயதில் எவளோ ஒருத்தி வந்துவிட்டாள் என்றே ஷம்ஸா முடிவு கட்டினாள். ஒருநாள் அவன் குளிக்கப் போனபோது கைபேசியை எடுத்தாள். 'தொட்டி நிரம்பியது. தண்ணீர் குளிர்ச்சி சரி' என்று குடிலின் சுவர்ப் பெட்டி செய்தி அனுப்பியிருந்தது. அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தால் நிம்மதி அடைந்திருப்பாள். ஷம்ஸாவுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் நடப்பதெல்லாம் இந்தப் பெட்டிக்குத் தெரிகிறது என்றால், மஸ்கட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியுமே? அவன் நினைத்தால் ஒரு விரலால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமே?

"அவன் எதுக்கு நிறுத்துறான்?" என்றான் கல்ஃபான், அவள் இதைக் கேட்டபோது.

"எதுக்கு நிறுத்த மாட்டான்?"

இதற்கிடையில் மர்ஹூன் அடிக்கடி வேலியோரம் வந்து நின்றான். குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பான், போய்விடுவான். அண்ணன் தோட்டம் பிழைத்ததில் அவனுக்கு வயிற்றெரிச்சல் என்று ஷம்ஸா நினைத்தாள்.

ஆகஸ்டு மாதத்தில் ரஸ்தாக் என்ற ஊரில் ஒரு கல்யாணம். கல்ஃபான் காலையிலேயே கிளம்பிப் போனான். முன்பெல்லாம் வயலில் வேலையாட்கள் யாராவது நடமாடிக்கொண்டிருப்பார்கள். பெட்டி வந்த பிறகு அவர்களை அனுப்பிவிட்டான். உச்சி வெயிலில் துணி எடுக்கப் போன ஷம்ஸா, பிளாஸ்டிக் சுவர் வழியே எட்டிப் பார்த்தாள். லெட்யூஸ் எல்லாம் நனைந்த துணி போல் தொங்கிக்கொண்டிருந்தது. உடனே கணவனை அழைத்தாள்.

"கீரை படுத்துக்கிச்சு."

"இரு, பாக்குறேன்." சற்று நேரம் கழித்துச் சொன்னான்: "எல்லாம் பச்சையாத்தான் காட்டுது. தொட்டியில தண்ணி இருக்கு, பம்பு ஓடுது. வெயிலுக்குக் கொஞ்சம் வாடும், சாயங்காலம் நிமிந்துரும்."

"நான் கண்ணால பாத்துட்டு சொல்றேன். நீங்க போனைப் பாத்துட்டு சொல்றீங்க."

"நீ எதைத்தான் நம்பினே? விடு, வந்து பாக்குறேன்."

அவன் வந்தபோது இலைகள் குழாயோடு ஒட்டிக் காய்ந்திருந்தன. ஒரு செடிகூட மிஞ்சவில்லை. கல்ஃபான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டார் கூடினார்கள். மர்ஹூனும் ஓடி வந்தான். அவனைக் கண்டதும் ஷம்ஸாவுக்கு அன்று காலையில் அவன் வேலிக்கு இந்தப் பக்கம், தொட்டியருகே நின்றது ஞாபகம் வந்தது.

"காலையில இங்க உனக்கு என்ன வேலை?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"என்ன கேக்குறீங்க, உம் ஹிலால்?"

"தொட்டியில என்னத்தைப் போட்டே?"

மர்ஹூன் அண்ணனைப் பார்த்தான். கல்ஃபான் தலையைத் தூக்கவில்லை. 'அப்படி இருக்காது' என்றும் சொல்லவில்லை. மர்ஹூன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ராயித் வந்தான். தொட்டியைத் திறந்து, பம்பின் வாயை மூடியிருந்த வலையைக் கழற்றினான். உடைந்து மிதந்து வந்த வேர்கள், முடிக்கற்றை மாதிரி அதில் அடைத்துக்கொண்டு கிடந்தன.

"பம்பு சும்மா சுத்திக்கிட்டு இருந்திருக்கு. குழாய்க்குத் தண்ணி ஏறவே இல்ல. இந்த வெயில்ல கொஞ்ச நேரம் போதும்."

"அப்ப போன் ஏன் சரின்னு சொல்லிச்சு?" என்றான் கல்ஃபான்.

"தொட்டியில தண்ணி இருக்கா, பம்புக்கு கரண்டு போகுதான்னுதான் அது பாக்கும். குழாய்ல ஓடுதான்னு பாக்குற கருவியை நாங்க வைக்கல. அது எங்க தப்புதான்."

மண்ணாக இருந்தால் ஒருநாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே பிடித்து வைக்க ஒன்றுமில்லை. தான் நம்பாதது சரிதான் என்று ஷம்ஸாவுக்கு ஒரு கணம் தெம்பு வந்தது. அடுத்த கணமே மர்ஹூனின் முகம் நினைவுக்கு வர, அந்தத் தெம்பு போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் தனியாகவே அவன் வீட்டுக்குப் போனாள். மர்ஹூன் வாசலில் நின்றான். உள்ளே வரச் சொல்லவில்லை.

"வேரு அடைச்சிருந்துச்சாம். நான் வாய் தவறிப் பேசிட்டேன்" என்றாள்.

"வாய் தவறல, உம் ஹிலால். மனசுல இருந்ததுதான் வந்துச்சு." அவன் நடந்தான், அவளும் பின்னாலேயே போனாள். வேலியோரம் அவனுடைய பேரீச்சை மரங்கள் சில, மட்டை தொங்கி நின்றன. அடியில் மண் வெள்ளை பூத்திருந்தது. "உங்க உப்புக் கழிவு இந்தப் பக்கம்தான் இறங்குது. எங்கிருந்து வருதுன்னு பாக்கத்தான் நேத்து காலையில உள்ள வந்தேன். நான் உங்க தொட்டியில எதையும் போடல. உங்க குழாய்தான் இத்தனை நாளா என் மரத்துக்கு ஊத்திக்கிட்டு இருக்கு. அப்பக்கூட விஷம் வச்சீங்கன்னு நான் கேக்கல."

"ஏன் சொல்லல?"

"அண்ணன் அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. எப்படிச் சொல்றது?"

குழாயைக் கோடிக்குத் தள்ளச் சொன்னது யார் என்று அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "உங்க அண்ணன் இல்ல, நான்தான். என் அடுப்படிக்குப் பக்கத்துல வேணாம்னேன்."

அந்த வாரமே கல்ஃபான், மண்ணுக்குள் கசியாதபடி அடியில் தடித்த பிளாஸ்டிக் விரித்து ஒரு குட்டை வெட்டி, கழிவு நீரை அதில் விட்டான். வெயிலில் அது உப்பாக உறைந்தது. அந்த உப்பை என்ன செய்வது என்பது இன்றுவரை அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. ராயித் புதிய கருவியைப் பொருத்தினான். ஆனாலும் வெயில் ஏறும் முன் யாராவது ஒருவர் உள்ளே நடந்து பார்த்தாக வேண்டும் என்று ஷம்ஸா கட்டளை போட்டாள். பெரும்பாலும் அவளே நடந்தாள். குளிர் தொடங்கியபோது கீரை மறுபடியும் விரிந்தது.

வேலியோர மரங்கள் சில செத்தன. மிச்சமிருந்தவற்றுக்கு, உப்புப் பிரித்த நல்ல நீரிலிருந்து ஒரு பங்கு போக வேண்டும் என்று அவள்தான் கணவனிடம் பிடிவாதம் பிடித்தாள். ரப்பர் குழாயைத் தானே இழுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். மர்ஹூன் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். குழாயை வாங்கவில்லை.

"இதுல சத்து கித்து எதுவும் கலக்கலையே?"

"நல்ல தண்ணிதான்."

"நீங்க சொல்றீங்க."

ஷம்ஸாவுக்குச் சுருக்கென்றது. குழாயைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். மர்ஹூன் அவள் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு வாய் குடிங்க" என்றான்.

அவள் குடித்தாள்.