பிபிலைப் பாறையடியில் கைரி கேட்டது

ஈஸ்டர் விடுமுறைக்கு வெலிமடைச் சித்தி வீட்டுக்குப் போவதாக இருந்தேன். அதற்குள் சீமையிலிருந்து ஓர் ஆராய்ச்சித் துரை பதுளைக்கு வந்து, காட்டில் வாழும் பழங்குடிகளான வேடர்களின் தலையை அளக்க வேண்டும், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிக் கிளார்க்கான அப்பாவுக்குச் சிங்களமும் இங்கிலீஷும் தெரியும். இரண்டும் எனக்கும் பேச வரும்; நானும் கெஞ்சித் தொற்றிக்கொண்டேன்.

காலை ஆறரைக்கு மோட்டார் பஸ். பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு நாற்பது மைல். ஆளுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். வளைவுகளில் குமட்டும், எலுமிச்சம்பழம் எடுத்துப்போங்கள். அங்கிருந்து ஏழு மைல் மாட்டுவண்டி, மூன்று மணி நேரம். வண்டிக்காரர் முத்தையா முன்பு பசறைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். துரையின் இரும்புக் கருவியைப் பார்த்துச் சிரித்தார்.

"தலைய அளக்கவா இம்புட்டுத் தூரம்? என் மாட்டுக்கு இதவிடப் பெரிய தலைங்க, பாப்பா!"

பாறையடியில் ஐந்து குடிசைகள். துரை நான்கு ஆண்களை அளந்து, ஆளுக்கொரு சிவப்புக் கைக்குட்டை கொடுத்தார். அடுத்து கைரி என்ற பெண். அவள் கருவியைத் தள்ளிவிட்டு அப்பாவிடம் சிங்களத்தில் கேட்டாள்:

"முன்ன வந்த தொரை என் அண்ணன் தலையக் கொண்டுபோனாரு. அது எங்க?"

வேடர்கள் இறந்தவரைக் குகையில் கிடத்தி, இலை போட்டு மூடிவிட்டு, வேறிடம் போய்விடுவார்கள். பல வருடம் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். அது அவர்கள் செய்யும் மரியாதை. முந்தைய துரைக்கோ குகையில் கிடந்த மண்டையோடு கேட்பாரற்ற பொருளாகப் பட்டிருக்கிறது!

அப்பா துரையிடம், "அண்ணனை நினைத்து வருந்துகிறாள்" என்று மட்டும் சொன்னார். துரைமார் முன் கசப்பைச் சொல்லிப் பழகாத வாய். எனக்குக் காது சுட்டது. எழுந்து, கைரியின் கேள்வியை ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். அப்பா என் கையை இறுக்கினார்.

"பத்திரமாக இருக்கிறது. எங்கள் ஊர் அருங்காட்சிசாலையில், கண்ணாடிப் பெட்டிக்குள், இலக்கம் போட்டு. இவர்களே கைவிட்டதுதானே?" என்றார் துரை.

அதையும் கைரிக்கு அப்படியே சொன்னேன்.

"அவன் தூங்கட்டும்னு தள்ளிப் போனோம். உங்க வீட்ல ஆள் தூங்குனா தலையத் தூக்கிட்டுப் போவீங்களா?"

இதையும் துரைக்கு அப்படியே சொன்னேன். அளக்கப்பட்ட நால்வரும் கைக்குட்டைகளைத் துரையின் பெட்டிமேல் வைத்துவிட்டு, கைரியோடு காட்டுக்குள் போய்விட்டார்கள். துரை குறிப்பேட்டில் எழுதினார், எட்டிப் பார்த்தேன். 'சந்தேகப் புத்தியுள்ள ஜனங்கள்.' திருடு கொடுத்தவர்களுக்கு இந்தப் பட்டம்!

திரும்பும்போது அப்பா வண்டியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்தையா அவரிடம் சொன்னார்: "கோவிக்காதீங்கய்யா. தோட்டத்துக்கு ஆள் ஏத்துன மண்டபம் முகாம்ல என் வாயப் பொளந்து பல்லப் பாத்தானுங்க. ஏன்னு நான் கேக்கல. பாப்பா கேட்டுருச்சு."

போகிறவர்கள் உப்பும் வெற்றிலையும் கொண்டுபோங்கள். தூரத்திலேயே நின்று குரல் கொடுங்கள். குகைகளுக்குள் நுழையாதீர்கள்.

அந்த அருங்காட்சிசாலைக்குக் கடிதம் எழுதினேன். 'அவருடைய தங்கை மிகவும் வருந்துகிறார்' என்று முடித்திருந்தேன். அப்பா வாங்கிப் படித்தார். அந்த வரியை அடித்துவிட்டு, 'அவருடைய தங்கை அதைத் திருப்பிக் கேட்கிறார்' என்று எழுதி, தம் கையெழுத்தையும் போட்டார்.

பதில் இன்னும் வரவில்லை. உங்களில் யாராவது அங்கே போனால், கைரியிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.