இன்ஸ்பெக்டர் கோட்டு

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கோட்டுப் போடுகிற ஒரே ஆள் கல்யாண மாப்பிள்ளைதான். அவரும் தாலி கட்டி முடிந்ததும் கழற்றி எறிந்துவிடுவார். யட்டியாந்தோட்டைப் பக்கத்து வெக்கை அப்படி. ஆகவே அப்பாவின் தங்கையான என் அத்தை, ஞாயிற்றுச் சந்தையில் பழைய துணிக் குவியலைக் கிளறி ஒரு காக்கி நிறக் கோட்டோடு வந்தபோது, அது எனக்காகத்தான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

பள்ளிக்கூடத்தில் விநோத உடைப் போட்டி வரவிருந்தது. பக்கத்து லயத்து வீடொன்றில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துப் போட்ட படத்தில் பார்த்த இன்ஸ்பெக்டராகத்தான் போவேன் என்று வீட்டில் எல்லோருடைய உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மீச?" என்று அம்மா கேட்டாள். மீசை இல்லாமல் என்ன இன்ஸ்பெக்டர்? கோட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு ஒரு சல்யூட் அடித்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்த அத்தை, என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நீளமான கைகளை வெட்டிவிடலாம் என்றாள் அம்மா. அத்தை கத்திரிக்கோலைக் கிட்டவே விடவில்லை. உள்பக்கமாக மடித்து நூலோட்டினாள். ஆட்டு மயிரில் மீசை தயாரானது. தோளுக்கு டின் மூடியில் நட்சத்திரங்கள் வெட்டினோம். தகரத்தில் ஊசி இறங்காது, ஒட்டத்தான் வேண்டும். அத்தை பால் வெட்டுகிறவள். ரப்பர் பாலைவிட நல்ல பசை ஏது? ஆனால் மீசைக்கு மட்டும்தான் பால், கோட்டுக்குச் சோற்றுப் பசைதான் என்று ஒரே பிடியாக நின்றாள். "பால் பட்டா துணியில கற போகவே போகாது புள்ள." எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் கோட்டில் கறை பட்டால் இவளுக்கென்ன?

போட்டியன்று தூறிக்கொண்டிருந்தது. மைதானத்தில் என் முறைக்காகக் காத்து நிற்கையில் ஒரு நட்சத்திரம் வழுக்கி விழுந்தது. குனிந்து எடுப்பதற்குள் மற்றதும் விழுந்தது. "இன்ஸ்பெக்டரு இப்ப கான்ஸ்டபிளு" என்று பின்னால் நின்ற ராஜா வேஷக்காரன் சொல்ல, வரிசையே சிரித்தது. நான் மீசை நனைய அழுதேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை பால் வாளியோடு, பால் நிறுக்கிற ஸ்டோருக்குப் போகிற வழியில் வேலியோரம் வந்து நின்றாள். ஓடிப்போய் நட்சத்திரங்களை நீட்டினேன். அவள் அவற்றைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாளிக்குள் விரலை விட்டு, இரண்டு தோளிலும் தாராளமாகப் பூசி, நட்சத்திரங்களை வைத்து அழுத்திக் காயும்வரை ஊதினாள்.

"போ. இனி யாராலயும் புடுங்க முடியாது."

நான் மேடையேறவும் தூறல் மழையாகவும் சரியாக இருந்தது. ராஜாவின் கடதாசிக் கிரீடம் காதில் தொங்கியது. என் நட்சத்திரமும் மீசையும் அசையவில்லை. நடந்தேன், திரும்பினேன், விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். பள்ளிக்கூட அதிபரே எழுந்து பதில் சல்யூட் அடித்தார். முதல் பரிசு எனக்குத்தான். லயத்து ஆட்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் மீசையைப் பிய்த்தபோது உயிர் போனது. அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

தை பிறந்ததும் அத்தைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். பஸ் ஏறும்போது அத்தை புதுச் சேலைக்கு மேலே என் கோட்டைப் போட்டிருந்தாள். நூலைப் பிரித்துவிட்டதில் கைகள் அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தன. நட்சத்திரங்கள் இல்லை, அவை இருந்த இடத்தில் இரண்டு தோளிலும் அதே வடிவில் கறுப்பாகக் கறை. நுவரெலியாக் குளிருக்குக் கோட்டு இல்லாமல் முடியாது என்று அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் கோட்டைக் கேட்காமல் எடுத்துப் போகிறாளே என்று முதலில் சுருக்கென்றது. பிறகு, அத்தைதானே, போகட்டும் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்து, பஸ்ஸைப் பார்த்துச் சல்யூட் அடித்தேன். புது மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளும் ஜன்னல் வழியாகத் திருப்பி அடித்தாள்.